செயலாளர் ஆண்டறிக்கை: யாருக்கு எவ்வளவு சக்தி?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பகடையும் தாளுமாக வாரந்தோறும் வந்து சேரும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திச் செல்லும் நமது வாராந்திர ஆட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிக நேரம் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கும், கதையைச் சொல்லி எதிரிகளையும் மற்றவர்களையும் இயக்கும் கேம் மாஸ்டர் நடத்தும் பாத்திரத்துக்கும் சக்தியை எப்படிப் பங்கிடுவது?

நமது நீண்ட தொடர் ஆட்டத்தின் கடைசிச் சண்டையில்தான் பேச்சு தொடங்கியது. சூனியக்காரியை கேம் மாஸ்டர் ஆட்டக்காரர் விதிகளின்படியே, அத்தனை மந்திரங்களோடும் பல நாள் உழைத்து உருவாக்கியிருந்தார். தன்னுடைய இரண்டாவது முறை வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். சில வாரம் கழித்து இன்னொரு மேசையில் அதே மாதிரி உருவாக்கிய எதிரிக்கு முதலில் ஆடும் முறை கிடைத்தது. ஒரே மந்திரத்தில் கதாநாயகர்கள் இருவர் சாய்ந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த விதிகளில் பிறக்கும் மந்திரவாதிக்கு அடிக்கும் பலம் அதிகம், தாங்கும் பலம் குறைவு. முன்னால் கேடயத்தோடு தோழர் ஒருவர் நிற்பார் என்று நம்பி அமைத்த பாத்திரம் அது.

இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. இந்தக் கேள்விக்கு அதன் பதிப்புகளே வேறுவேறு பதில் சொல்லியிருக்கின்றன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அரக்கர்களுக்கும் பெரும்பாலும் ஆட்டக்காரர் இலக்கணத்தையே வைத்தது. 2008இல் நான்காம் பதிப்பு இரண்டையும் பிரித்தது. ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) உள்ள அடியாட்கள் அதில் உண்டு. 2014இன் ஐந்தாம் பதிப்பு, சில பெரிய எதிரிகளுக்கு மட்டும் மற்றவர் முறை முடிந்ததும் குறுக்கே புகுந்து செயல்படும் உரிமையைத் தந்தது. அது ஏன் தேவை என்பது எண்ணிப் பார்த்தால் புரியும். நான்கு பேர் ஒருவரைச் சூழ்ந்தால் மூன்று சுற்றில் 12 முறை இவர்களுக்கு, 3 முறை அவருக்கு. ஹிட் பாயிண்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சண்டை நீளும், விறுவிறுப்பு வராது.

என் கருத்தில் இதைவிட முக்கியமானது இன்னொன்று. அதே ஐந்தாம் பதிப்பில் ஒரு நிமிடம் என்பது 10 சுற்று. உடலை ஒரு நிமிடம் முடக்கும் மந்திரம் கேம் மாஸ்டரின் காவலாளி மேல் விழுந்தால், அவருக்கு நடத்த வேறு ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆட்டக்காரருக்கு இருப்பது ஒரே பாத்திரம். பகடை கைகொடுக்காவிட்டால் மாலை முழுக்க அவர் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு புதிய உறுப்பினர் மறுவாரம் வரவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம். காகிதத்தில் சரிசமமாகத் தெரியும் சக்தி மேசையில் சமமாக இருப்பதில்லை.

"எதிரி செய்த சடங்கை நான் ஏன் கற்கக் கூடாது?" என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. எண்கள் வேறாக இருக்கட்டும். ஆனால் அந்த உலகில் ஒருவர் படித்துப் பெற்ற வித்தை என்றால் மற்றவருக்கும் வழி இருக்க வேண்டும். சாபத்தால் வந்தது, உயிரைக் கொடுத்து வாங்கியது என்றால் அதற்கான தடயம் ஆட்டக்காரர் கண்ணில் முன்கூட்டியே பட வேண்டும்.

அப்புறம், தோழமைப் பாத்திரங்கள். நான் நடத்திய ஆட்டத்தில் துணைக்கு வந்த மாவீரன் கடைசி அடியை அடித்தான். நண்பர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அது என் தவறு. இப்போது துணைப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு திறமை தருகிறேன். வழி தெரியும், அல்லது காயம் ஆற்றத் தெரியும். முடிவெடுப்பது ஆட்டக்காரர்கள்தான். சண்டையில் அவனுக்கான பகடையையும் அவர்களே உருட்டுகிறார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இரண்டு. முறையைப் பறிக்கும் சக்தி எதிரிக்கு இருந்தால், அதிலிருந்து மீளத் தோழர்கள் உதவும் வழி ஒன்றையும் கேம் மாஸ்டர் சேர்த்தே அமைக்க வேண்டும். தொடர் ஆட்டத்தின் முதல் நாளே, எதிரிகள் எந்த விதியில் உருவானவர்கள் என்று மேசையில் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்கள் விவாதித்து ஒப்புதல் தருமாறு கேட்டு, இந்த அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்