படத்தில் இருப்பது நீலக்குறிஞ்சி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி பூத்தது' என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படத்தோடும் ஓர் ஓடையின் பெயரோடும் வந்த செய்தியைப் பற்றி எழுதுகிறேன். பூத்தது குறிஞ்சிதான், ஆனால் நீலக்குறிஞ்சி இல்லை. படத்தையே இன்னொரு தடவை பாருங்கள். பூவுக்குப் பின்னால் பாசி படர்ந்த அடிமரம் தெரிகிறது, வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. சோலைக்காட்டுக்குள், அதாவது மலை மடிப்பில் அடர்ந்திருக்கும் ஈரக்காட்டுக்குள், எடுத்த படம் அது. நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவில் வளரும் செடி. மர நிழல் அதற்கு ஆகாது.

நான் பூம்பாறைக்காரன், கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறேன். செய்தி வந்த மறுநாளே அந்தப் படத்தைப் போனில் காட்டி, "இந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் சிலர் கூட்டிக்கொண்டும் போனார்கள். சனி, ஞாயிறு சவாரியை யார் விடுவார்? இப்போது அந்த ஓடையோரம் இளஞ்செடிகள் மிதிபட்டு, பூத்த கொப்புகள் ஒடிந்து கிடக்கின்றன.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனத்துச் செடிகள் பல பத்து வகை உண்டு. எல்லாமே கனகாம்பரக் குடும்பம். கனகாம்பரக் கதிரில் பச்சைச் செதில் அடுக்கடுக்காக இருந்து இடுக்கிலிருந்து பூ எட்டிப் பார்க்கும் அல்லவா, கிட்டத்தட்ட அதே அமைப்புதான். எதிரெதிரே இலை, குழலாகத் தொடங்கி வாய் விரிந்து ஐந்து மடலாகும் பூ. இந்த அடையாளம் எல்லா வகைக்கும் பொது. அதனால் பூவை மட்டும் கிட்டே வைத்துப் படம் எடுத்தால் ஏமாறத்தான் வேண்டும்.

இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீலக்குறிஞ்சி இலை கொஞ்சம் தடித்தது, ஓரம் சிறுசிறு பல்லாக இருக்கும். அடிப்பக்கம் வெளிறி, நரம்புகள் வரிவரியாகப் புடைத்து நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். சோலைக்குள் இருக்கும் வகைகள் பலவற்றுக்கு இலை அகலமாக, மெல்லிசாக, நுனி நீண்டு கூராக இருக்கும். உயரமும் வேறு. காற்றடிக்கும் புல்வெளியில் நீலக்குறிஞ்சி பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாது. ஈரமான மடிப்புகளில் மட்டும் ஆள் உயரம் வரும். சோலைக் குறிஞ்சிகளோ வெளிச்சம் தேடி ஆளை மூடும் அளவுக்கு வளரும். வெள்ளையாகப் பூக்கும் வகைகூட உண்டு.

பங்களாத் தோட்டங்களில் வைக்கும் டிபூச்சினாவையும் குறிஞ்சி என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிரேசில் செடி. பூ தட்டையாக அகன்றிருக்கும், மகரந்தத் தாள்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், இலை நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும். ஏப்ரலில் ஊதாவாகப் பூத்து நிற்கும் ஜகரண்டா மரத்தைக் காட்டி "குறிஞ்சி மரமா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் என்ன சொல்ல!

"2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான், நடுவில் பூத்தால் எல்லாம் பொய்" என்று எங்கள் ஸ்டாண்டிலேயே சிலர் அடித்துப் பேசுகிறார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12 வருடக் கணக்கு சரி, ஆனால் எல்லா மலைக்கும் ஒரே காலண்டர் இல்லை. ஊட்டி பக்கம் எப்பநாட்டுச் சரிவுகளில் 2024-ல் பூத்தது. கூட்டத்தோடு சேராமல் ஒன்றிரண்டு செடி முன்னே பின்னே பூப்பதும் உண்டு. மற்ற வகைகளுக்கு அவையவற்றின் கணக்கு தனி. மகாராஷ்டிரத்துக் கார்வி 8 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பார்கள். ஆகவே வருடத்தைப் பார்த்து முடிவுகட்டாமல் செடியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இருக்கிறது, பறித்தால் தண்டனை உண்டு. இப்போதோ, சோலையில் பூத்த இதை ஒடித்துக்கொண்டு போகிறவரைத் தடுத்தால், "இது நீலக்குறிஞ்சியே இல்லையாமே, அப்புறம் என்ன?" என்கிறார். சோலைக்குள் இருக்கும் செடி எதுவாக இருந்தாலும் அவர் கைவைக்கக் கூடாது என்பது வேறு கதை.

எங்கள் மலையில் நீலக்குறிஞ்சிச் சரிவுகள் பலவற்றில் வாட்டில், பைன் என்ற வெளிநாட்டு மரங்களை நட்டாகிவிட்டது. மிச்சமிருக்கும் புல்வெளிகளைப் பற்றி ஒரு செய்தி போட்டால் பிரயோசனமாக இருக்கும்.

இனிமேல் இப்படிப் படம் வந்தால், இலையின் அடிப்பக்கமும் செடி நிற்கும் இடமும் தெரிகிற மாதிரி இன்னும் இரண்டு படம் நிருபரிடம் கேளுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் 'குறிஞ்சி வகை' என்று போட்டால் போதும். அந்த ஓடையின் பெயரை மட்டும் இணையப் பதிப்பிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் காலாண்டு விடுமுறை தொடங்குகிறது.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.