ஜாவாவில் ரியாக்டிவ்: முதலில் த்ரெட் கணக்கு, பிறகு ஆபரேட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாவா படிக்கும் மாணவர்களுக்கான வேலைவாய்ப்புக் குறிப்புகளில் ‘ரியாக்டிவ் புரோகிராமிங் கற்றால் அப்ளிகேஷன் வேகமாகும்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. அது சரியல்ல. தனி ஒரு ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் வரும் நேரம் பெரும்பாலும் குறையாது. ரியாக்டிவ் என்பது பதிலுக்காக த்ரெட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் ஓட்டம்) நிறுத்தி வைக்காமல், பதில் வந்ததும் வேலையைத் தொடரும் முறை. அதனால் குறைந்த த்ரெட்டுகளை வைத்து நிறைய இணைப்புகளைத் தாங்கலாம், அவ்வளவுதான்.

ஜாவா வெப் அப்ளிகேஷன் எழுதப் பயன்படும் ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட் சர்வருக்கு இயல்பான உச்சவரம்பு 200 த்ரெட். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் வெளியே இன்னொரு சர்வீஸைக் கூப்பிட்டு 1 விநாடி காத்திருந்தால், விநாடிக்கு 200-க்கு மேல் முடிக்க வழியில்லை. சிபியு சும்மா இருக்கும். 201-ஆவது ஆள் வரிசையில் நிற்பார். 2017-இல் ஸ்பிரிங் 5-உடன் வந்த ரியாக்டிவ் வகை வெப்ஃப்ளக்ஸ், நெட்டி சர்வரில் ஓடும்போது சிபியு கோருக்கு ஒரு த்ரெட், குறைந்தது 4, என்ற அளவில் வேலையை முடிக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த த்ரெட் அடுத்த ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கப் போய்விடும்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். த்ரெட் நான்கே என்றால், ஒன்று நின்றாலே சர்வரில் கால்வாசி நின்றுபோகும். ஜேடிபிசி (டேட்டாபேஸை அழைக்கும் வழக்கமான வழி), ரெஸ்ட்டெம்ப்ளேட் (வேறு சர்வீஸை அழைப்பது), த்ரெட் ஸ்லீப் என்று த்ரெட்டைக் காத்திருக்க வைப்பவற்றில் எது உள்ளே நுழைந்தாலும் இதுதான் கதி. மெதுவான நான்கு குவெரி ஒரே நேரத்தில் வந்தால், டேட்டாபேஸுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் உறைந்துபோகும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்குக்கும் பதில் போகாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் அந்தக் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்துவிடும். லாகில் பிழை எதுவும் இருக்காது. நெட்டி த்ரெட்டில் பிளாக்() (பதில் வரும்வரை நில் என்ற கட்டளை) என்று எழுதினால், வெப்ஃப்ளக்ஸின் அடியிலுள்ள ரியாக்டர் நூலகமே எக்ஸெப்ஷன் எறிந்து தடுக்கும்; ஜேடிபிசியை அது கண்டுகொள்ளாது. அதைப் பிடிக்க, த்ரெட்டை நிறுத்தும் அழைப்பைக் கண்டுபிடிக்கும் பிளாக்ஹவுண்டை டெஸ்ட்டுகளில் சேர்க்க வேண்டும்.

தீர்வு, த்ரெட்டை நிறுத்தாமல் டேட்டாபேஸை அழைக்கும் ஆர்2டிபிசி டிரைவர். அது முடியாவிட்டால், ஜேடிபிசி அழைப்பை மோனோ.ஃப்ரம்காலபிளில் வைத்து (பின்னால் வரப்போகும் ஒரு மதிப்பு மோனோ; பல மதிப்புகள் என்றால் ஃப்ளக்ஸ்), சப்ஸ்க்ரைப்ஆன் மூலம் தனி த்ரெட்டுகள் கொண்ட பவுண்டட்எலாஸ்டிக் ஷெட்யூலருக்குத் தள்ளலாம். மோனோ.ஜஸ்ட்டுக்குள் அந்த அழைப்பை எழுதினால் பயனில்லை. மோனோ உருவாகும் முன்பே, அதே த்ரெட்டில் அது ஓடி முடிந்திருக்கும். இன்னொன்று: டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஹிகாரி பூல் (ஜேடிபிசிக்கு), ஆர்2டிபிசி பூல் இரண்டிலுமே இயல்பான உச்சம் 10 இணைப்புகள். குவெரி மெதுவாக இருந்தால் வெப்ஃப்ளக்ஸ் போட்டாலும் கூட்டம் அங்கே போய்த்தான் நிற்கும்.

பயிற்சியை வெப் இல்லாமல், வெறும் ரியாக்டர் கோர், ஒரு மெயின் மெத்தட் என்று தொடங்குவது நல்லது. ஃப்ளக்ஸ்.ரேஞ்ச் எழுதி, மேப் போட்டு ஓட்டினால் திரையில் எதுவும் வராது, சப்ஸ்க்ரைப் செய்யும்வரை. நிஜ புராஜெக்டில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும்: மின்னஞ்சல் அனுப்பும் மெத்தட் மோனோ திருப்புகிறது, அதைச் சங்கிலியில் கோக்காமல் தனி வரியாக எழுதிவிடுகிறார்கள். கம்பைல் ஆகும், பிழை வராது, மின்னஞ்சலும் போகாது. ஃப்ளாட்மேப் அல்லது தென் (then) என்ற ஆபரேட்டர் கொண்டு கோத்தால்தான் ஓடும்.

அடுத்து ஃப்ளாட்மேப். ஃப்ளக்ஸில் அது இயல்பாக 256 வேலைகளை ஒன்றாகத் தொடங்கும், வரிசையும் காக்காது. பிறர் ஏபிஐயை அப்படி அழைத்தால் 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட்) பதில் வரத் தொடங்கும். இரண்டாவது ஆர்க்யுமென்டாக 5, 10 என்று வரம்பு கொடுங்கள். வரிசை முக்கியமென்றால் கான்கேட்மேப். காலியான மோனோவில் ஃப்ளாட்மேப் ஓடவே ஓடாது என்பதும் பலருக்குப் பிடிபடுவதில்லை. ‘பயனர் இல்லை’ என்ற பதிலுக்கு ஸ்விட்ச்இஃப்எம்ப்டி வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: வெப் ஸ்டார்ட்டர், வெப்ஃப்ளக்ஸ் ஸ்டார்ட்டர் இரண்டையும் சேர்த்தால் ஸ்பிரிங் பூட் டாம்கேட்டில் ஓடும் பழைய எம்விசியையே தேர்ந்தெடுக்கும். தொடக்க லாகில் நெட்டியா டாம்கேட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? இல்லை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இல், காத்திருக்கும்போது அடியிலுள்ள நிஜ த்ரெட்டை விட்டுவிடும் விர்ச்சுவல் த்ரெட் உண்டு. ஸ்பிரிங் பூட் 3.2 முதல் ஒரே ஒரு செட்டிங் வரியில் அதை இயக்கலாம். வழக்கமான கோட், வழக்கமான ஜேடிபிசி அப்படியே இருக்கும். பதிவு செய், திருத்து, அழி என்ற வகை அப்ளிகேஷன்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. (ஜாவா 24-க்கு முன் சிங்க்ரனைஸ்டு பிளாக்கினுள் காத்திருந்தால் அடியிலுள்ள த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.) தொடர்ந்து ஓடும் தரவு, வெப்சாக்கெட், பெறுபவரின் வேகத்துக்கு ஏற்ப அனுப்புபவரைக் கட்டுப்படுத்த வேண்டிய இடங்கள்: இங்கெல்லாம் ரியாக்டிவுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் மாணவர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: மோனோ, ஃப்ளக்ஸைச் சோதிக்கும் ஸ்டெப்வெரிஃபையர் கொண்டு டெஸ்ட் எழுதச் சொல்லித் தருவீர்களா? பிளாக்ஹவுண்ட் பாடத்தில் உண்டா?

இப்படிக்கு,
ஜாவா மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்