கிளி மீனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தால் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்துவிட்டது என்று படத்தோடு செய்தி போடுகிறீர்கள், நல்லது, ஆனால் அந்தப் பாறையில் மேயும் மீன்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. வந்தாலும், வலையில் சிக்கிய ராட்சத மீன் இத்தனை ஆயிரத்துக்கு ஏலம் போனது என்றுதான் வரும்.

கிளி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும், வாயைப் பிரித்துப் பார்த்தால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி அசல் கிளி அலகு. செத்த பவளத்தில் படரும் பாசியை அந்த அலகால் சுரண்டித் தின்கிறது, கூடவே சுண்ணாம்புக் கல்லும் உள்ளே போகிறது, தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல் வரிசை அதை அரைத்துவிட, அப்புறம் மணலாக வெளியே வருகிறது. சுரண்டிய இடத்தில்தான் இளம் பவளம் ஒட்டி வளர முடியும், பாசி மூடிக் கிடந்தால் முடியாது. 2016இல் வெளுத்துச் செத்த பாறைகள் தேற வேண்டுமானால் இதுவும், இதைப் போலப் பாசி தின்னும் ஓரா மீனும் அங்கே மேய்ந்தாக வேண்டும். இன்னொன்று, கிளி மீனில் பல இனங்கள் பெண்ணாக இருந்து பெரிதானதும் ஆணாக மாறுபவை. பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் பெரிய மீன் பெரும்பாலும் ஆண்தான். அதையே பொறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்?

பவளத்துக்கும் கடல் குதிரைக்கும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, பாறையைச் சுத்தம் செய்யும் இந்த மீனுக்கு அது கிடைக்கவில்லை. பெலிஸ் நாட்டில் 2009இலேயே கிளி மீன் பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இங்கேயும் உடனே தடை போடச் சொல்லவில்லை, போட்டால் விசைப்படகின் இழுவை வலையை விட்டுவிட்டுத் தூண்டில்காரர் வயிற்றில் அடிப்பதுதான் கடைசியில் நடக்கும். முதலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணலாமே. அமெரிக்காவின் 'ரீஃப்' அமைப்பு 1993 முதல் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களையே மீன் எண்ண வைக்கிறது, அந்தக் கணக்கை விஞ்ஞானிகளும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) எந்த மாதம் என்ன மீன் நிற்கும் என்று நம் சங்கு குளிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, ஊர் வழக்கில் உள்ள மீன் பெயர்களோடு மாதம் ஒரு கால் பக்கம் போடுங்கள். தங்கம் விலைக்குத் தினமும் இடம் ஒதுக்குகிறீர்களே!

- ஒரு வாசகர், ராமநாதபுரம்