வேர்டு கோப்பு வேண்டாம், மூலக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள்: மதுரை வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டக் கல்லூரி முதல்வர்கள், கணினி அறிவியல் துறைத் தலைவர்கள், பிராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளின் ஆவணங்களை நாங்கள் தமிழாக்கி வருவதும், உங்கள் மாணவர்கள் பிராஜெக்டாக அதில் சேர்ந்திருப்பதும் நீங்கள் அறிந்ததே. நேரே விஷயத்துக்கு வருகிறோம். போன செமஸ்டர் முடிவில் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு ஜிப் வந்தது. உள்ளே 37 வேர்டு கோப்புகள். கூட வந்த கடிதத்தில் இரண்டே வரி: மாணவர்கள் 410 பக்கம் மொழிபெயர்த்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அத்தனை பேருக்கும் பங்களிப்புச் சான்றிதழ் வேண்டும். அந்த 37-இல் ஒன்றைக்கூட மூலத்தில் சேர்க்க முடியவில்லை. இது முதல் தடவை என்றால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாணவர்களை மூலக் கோப்பிலேயே வேலை செய்யச் சொல்லுங்கள். கோப்பில் பிழை உண்டா என்று பார்க்கும் "மேக் செக்" கட்டளை பிழையில்லாமல் முடிந்த பிறகு, மாற்றிய வரிகளை மட்டும் பேட்ச்சாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூலக் கோப்பு என்று எதைச் சொல்கிறோம்? இந்த டேட்டாபேஸின் ஆவணம் தனியாக எங்கோ கிடப்பதில்லை. நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் (ரெப்பாசிட்டரி), "டாக்" அடைவுக்குள் "எஸ்ஆர்சி", அதற்குள் "எஸ்ஜிஎம்எல்" என்ற அடைவில் இருக்கிறது. கோப்புகளின் பின்னொட்டு இன்றைக்கும் எஸ்ஜிஎம்எல்தான். ஆனால் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது முழுக்க டாக்புக் எக்ஸ்எம்எல், அதாவது ஆவணத்தின் ஒவ்வொரு பகுதியையும் டேக் போட்டு எழுதும் குறிமொழி. பத்தி, கட்டளைப் பெயர், எடுத்துக்காட்டு, குறுக்குச் சுட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக். எல்லா அத்தியாயங்களும் ஒரே தலைக் கோப்பின் வழியாக ஒரே புத்தகமாகச் சேர்கின்றன. ஒரு பத்தியை மூடாமல் விட்டால் நிற்பது அந்த அத்தியாயம் மட்டும் அல்ல. அச்சுக்குப் போனால் ஏறத்தாழ 3000 பக்கம் வரும் மொத்தப் புத்தகமும் நிற்கும்.

சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் சாயம் ஏறாமல் புள்ளி விழும். முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டு வெறும் துணியைச் சாயத்தொட்டிக்கு அனுப்பினால் புள்ளியை அப்புறம் எங்கே போய்த் தேடுவது? டேக் உதிர்ந்த வேர்டு கோப்பு எங்களிடம் அப்படித்தான் வந்து சேர்கிறது. எது கட்டளை, எது விளக்கம், எது பயனர் தானே நிரப்ப வேண்டிய சொல் என்று ஒவ்வொரு வரியிலும் திரும்ப முடிச்சுப் போட வேண்டும். மூலத்தைத் திறந்து புதிதாக மொழிபெயர்த்தால் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆனாலும் டேக் இல்லாததுகூடப் பெரிய துன்பம் இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் எங்களை அதிகம் வாட்டுகிறது: மேற்கோள் குறி.

டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) சுற்றி வருவது நேரான ஒற்றை மேற்கோள்: 'மதுரை'. வேர்டில் தட்டினாலோ ஒட்டித் திருத்தினாலோ அது வளைந்துவிடுகிறது: ‘மதுரை’. அச்சில் பார்த்தால் பின்னதுதான் அழகு. எக்ஸ்எம்எல்லுக்கு இரண்டும் ஒன்றே, எனவே சோதனையும் பிழையில்லாமல் முடிந்துவிடும். டேட்டாபேஸுக்கு மட்டும் இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு) வெளியே உள்ள எந்தக் குறியையும் போஸ்ட்கிரெஸ் பெயரில் வரக்கூடிய எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நாம் டேபிளுக்கும் அதன் நெடுவரிசைக்கும் மேற்கோள் இல்லாமலே தமிழில் பெயர் வைக்க முடிவது இதனால்தான். அதே காரணத்தால் வளைந்த மேற்கோளும் பெயரின் பகுதியாகிவிடுகிறது.

ஆவணத்தின் பயிற்சிப் பகுதியில் வானிலை டேபிளில் ஒரு வரிசையைச் சேர்க்கும் எடுத்துக்காட்டு வரும். ஊர்ப் பெயராக ‘மதுரை’ என்று வளைந்த மேற்கோளோடு அது தமிழில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலூரிலோ திருமங்கலத்திலோ தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த முதலாண்டு மாணவி அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறாள். "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்று பதில் வருகிறது. மேற்கோளைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அவள் டேபிளை அழித்துத் திரும்ப உருவாக்குவாள், நெடுவரிசைப் பெயர்களைச் சரிபார்ப்பாள், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவாள். பொருத்தம் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஊர்ப் பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் இரண்டாவது சொல்லுக்கு அருகே இலக்கணப் பிழை என்று வரும். அப்போதும் காரணம் விளங்காது. கடைசியில் தமிழ் ஆவணமே தப்பு என்று முடிவு செய்து மூடிவைத்துவிடுவாள். யாருக்காக இந்த வேலையைச் செய்கிறோமோ அவளே போய்விடுகிறாள்.

இரட்டைக் கோடும் இதே கதைதான். எஸ்கியூஎல்லில் குறிப்புரை (டேட்டாபேஸ் கண்டுகொள்ளாத விளக்க வரி) இரண்டு சிறுகோட்டில் தொடங்கும், கட்டளை வரித் தேர்வுகளும் அப்படியே. வேர்டு அந்த இரண்டையும் ஒரு நீண்ட கோடாக இணைத்துவிடும். குறிப்புரை கட்டளையாகிவிடும். இவற்றைப் பிடிக்க எக்ஸ்எம்எல் சோதனை உதவாது. ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் எடுத்து ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இவை சோதனையிலேயே சிக்கக்கூடியவை, சிக்கியிருக்க வேண்டியவை. எடுத்துக்காட்டில் வரும் "<" குறியை எக்ஸ்எம்எல் புது டேக்கின் தொடக்கம் என்று நினைக்கும்; அதற்குப் பதிலாக "&" போட்டு எல், டி, அரைப்புள்ளி என்று எழுத வேண்டும். "&" குறியையும் தனியாக விடக் கூடாது. டேப் விசை அழுத்தி இடம் விடக் கூடாது, வெற்றிடக் குறி மட்டும்தான். டேப் இருந்தால் மேக் செக் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளமாக உள்ள ஐடி பண்புகளை மொழிபெயர்க்கவே கூடாது. இணையப் பக்கத்தின் முகவரி அந்த ஐடியிலிருந்துதான் பிறக்கிறது, குறுக்குச் சுட்டுகளும் அதையே நம்பியிருக்கின்றன. விண்டோஸில் திருத்திச் சேமித்தால் வரி முடிவுக் குறி மாறிவிடும். அப்புறம் மூன்று சொல் திருத்தம் டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) ஆயிரம் வரி மாற்றமாக வந்து நிற்கும், உண்மையில் எது மாறியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கையால் தொடவே கூடாத கோப்புகளும் உண்டு: பிழைக் குறியீட்டு அட்டவணை, ஒதுக்கப்பட்ட சொற்களின் அட்டவணை, எஸ்கியூஎல் தர அம்சங்களின் அட்டவணை மூன்றும் பில்டின்போது (புத்தகத்தை உருவாக்கும்போது) நிரலின் தரவிலிருந்து தாமாக உருவாகுபவை. அவற்றைத் திருத்தினால் அடுத்த பில்டில் போய்விடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். "கௌ" என்ற எழுத்தை "கெ"யும் "ள"வுமாகத் தட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஒகரக் குறியையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியெண்ணாக ஒன்று, எகரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்து மற்றொன்று. திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் ஒரே கலைச்சொல் இரண்டு சொல்லாகிவிடும், பொருளடைவில் பிரிந்து நிற்கும். அனுப்பும் முன் யுனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒகரச் சிக்கல் தீர்ந்தது. "கெள"வை மட்டும் கண் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அருள்கூர்ந்து அனுப்பவே வேண்டாம்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த 37 கோப்புகளில் வேக்யூம் கட்டளை "வெற்றிடம்" ஆகியிருந்தது, டேபிள் "மேசை" ஆகியிருந்தது, ஃபாரின் கீ "வெளிநாட்டுச் சாவி" ஆகியிருந்தது. அனுப்பும் முன் ஒரு பேராசிரியராவது ஒரு பக்கத்தையாவது வாசித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. பக்கக் கணக்கு, சான்றிதழ்க் கணக்கு, ஆய்வுக் குழு வந்தால் காட்ட வேண்டிய கோப்புக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. மாணவருக்கு என்ன தெரிந்தது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. பணம் கட்டி ஆயத்த பிராஜெக்ட் வாங்கி வைவாவுக்கு வருகிறார்கள் என்று நாமே வருத்தப்படுகிறோம். இலவசமாக, உலகமே பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் உண்மையான வேலை கையருகே இருக்கும்போது அதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் உண்மையான வேலையைப் பார்ப்பது எப்போது? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம். மாணவர்கள்மீது அல்ல. சொல்லிக்கொடுக்காததை அவர்கள் எப்படிச் செய்வார்கள்?

மன்னிக்கவும், வந்த விஷயத்துக்குத் திரும்புகிறோம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டுகிறோம். இது ஒருமுறை மொழிபெயர்த்து முடித்துவிடும் வேலை அல்ல. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றும் 5 ஆண்டுகள் ஆதரவில் இருக்கிறது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் சிறு பதிப்புகள் வருகின்றன, அவற்றோடு ஆவணத் திருத்தங்களும் வருகின்றன. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் முறையையே நாங்களும் பின்பற்றுகிறோம்: ஆங்கில மூலப் பத்தியை எக்ஸ்எம்எல் குறிப்புரைக்குள் அப்படியே வைத்து, அதன் கீழே தமிழ்ப் பத்தி. அடுத்த பதிப்பில் ஆங்கிலம் மாறினால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எங்கே தமிழைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலப் பத்தியை "தேவையில்லை" என்று நீக்கிவிட்டால் அந்தத் தடயமே அழிந்தது. குறிப்புரைக்குள் இரண்டு சிறுகோடு அடுத்தடுத்து வரக் கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. கட்டளைத் தேர்வுகளும் எஸ்கியூஎல் குறிப்புரைகளும் உள்ள பத்திகளில் ஒரு கோட்டை எண் குறியீடாக எழுத வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஒரு மாணவர் இரண்டே நாளில் பழகிக்கொள்வார்.

உங்கள் ஆய்வகத்தில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. உபுண்டு போதும், விண்டோஸ் கணினி என்றால் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) உபுண்டு. டாக்புக் எக்ஸ்எம்எல், டாக்புக் எக்ஸ்எஸ்எல், லிப்எக்ஸ்எம்எல்2 யூட்டில்ஸ், எக்ஸ்எஸ்எல்டி பிராக் ஆகிய நான்கு பேக்கேஜ்களை நிறுவுங்கள். பிடிஎஃப் வேண்டுமானால்தான் எஃப்ஓபி, அதற்கும் தமிழ் எழுத்துரு அமைக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் பக்கம் முழுக்க "#" குறிதான் வரும், ஆகவே இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். முதல் இரண்டு பேக்கேஜ்களில் ஒன்று விடுபட்டாலும் தேவையான கோப்பு கிடைக்காமல் பில்ட் நின்றுவிடும். நிறையப் பேர் "ஓடவில்லை" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். சி கம்பைலர், பைசன், ஃப்ளெக்ஸ், பெர்ல் இருக்க வேண்டும். 16-ஆம் பதிப்பிலிருந்து, பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கட்டளை ஐசியு என்ற யுனிகோடு நூலகத்தையும் கேட்கும். ஆவண வேலைக்கு அது தேவையில்லை, "வித்தவுட் ஐசியு" என்று கொடுத்துவிடலாம், ரீட்லைனுக்கும் அப்படியே. கான்ஃபிகர் முடிந்ததும் ஆவண அடைவுக்குப் போய் மேக் செக். நொடிகளில் பதில் வரும். முழுப் புத்தகத்தையும் எச்டிஎம்எல்லாகப் பார்க்க வேண்டுமானால் "மேக் எச்டிஎம்எல்", அதற்குச் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மூலக் கோப்பில் வேலை, மேக் செக் தேர்ச்சி, பிறகு பேட்ச். எடுத்துக்காட்டு இருக்கும் பக்கமானால் அதை ஓட்டிப் பார்த்த வெளியீட்டையும் இணைக்கட்டும். மதிப்பெண்ணைப் பக்க எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், ஏற்கப்பட்ட பேட்ச்சுக்குக் கொடுங்கள். ஒரு மாணவர் செமஸ்டர் முழுக்க ஒரே ஒரு கட்டளையின் பக்கத்தைச் சரியாக முடித்திருந்தாலும் அது முழு பிராஜெக்ட்தான். களஞ்சியத்தின் கமிட் பதிவில் அவர் பெயர் இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் அவர் அதைத் திறந்து காட்டலாம். நாங்கள் தனியாகச் சான்றிதழ் தர மாட்டோம், அதற்கான தேவையும் இருக்காது.

அடுத்த செமஸ்டர் பிராஜெக்ட் தலைப்புகளை முடிவு செய்யும் முன் எங்களுக்கு ஒரு அரைநாள் ஆய்வகத்தைத் திறந்து கொடுங்கள். செலவு எதுவும் கேட்கவில்லை, பொன்னாடையும் மேடையும் வேண்டாம். ஒரு கணினிக்கு இரண்டு பேர் போதும். மாணவர்களோடு வழிகாட்டும் பேராசிரியரும் உட்கார வேண்டும், அவரும் ஒரு பேட்ச் அனுப்ப வேண்டும். பேக்கேஜ்களை முந்தின நாளே நிறுவி வைத்துவிட்டு, கல்லூரியின் இணையப் பிராக்ஸி அமைப்புத் தெரிந்த லேப் அசிஸ்டன்ட் ஒருவரை அன்றைக்கு உடன் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் மூலக் கோப்புகளைப் பராமரிப்போர்,
மதுரை