உருளைக்கிழங்குப் படமும் குமரிக் கடலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘பூமியின் உண்மையான வடிவம்’ என்று மேடும் பள்ளமுமாக, சாயம் பூசிய உருளைக்கிழங்கு மாதிரி ஒரு படம் போட்டிருந்தீர்கள். அதில் கருநீலத்தில் குழிந்து கிடந்த இடம் எங்கள் குமரிக்குத் தெற்கே வருகிறது. அன்று மாலையே, விசைப்படகில் வேலைக்குப் போகும் எங்கள் தெருத் தம்பி பத்திரிகையோடு வந்து, “சார், அப்போ அந்தப் பக்கம் போனா போட்டு கீழ எறங்குமா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. படம் அப்படித்தான் நினைக்க வைக்கிறது.

இறங்காது. படத்தில் இருப்பதன் பெயர் ஜியாய்டு. அலையும் ஓதமும் காற்றும் இல்லாமல், ஈர்ப்பும் பூமியின் சுழற்சியும் மட்டும் இருந்தால் கடல் மட்டம் எப்படி நிற்குமோ, அந்தப் பரப்பு. குமரிக்குத் தெற்கே பூமிக்குள் அடர்த்தி குறைவாக இருப்பதால் ஈர்ப்பும் கொஞ்சம் குறைவு. எனவே, கணக்குக்காக வைத்திருக்கும், துருவங்களில் சற்றே அமுங்கிய சீரான வடிவத்தைவிட அங்கே நீர்மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. உலகில் இதைவிடப் பெரிய தாழ்வு கிடையாது. ஆழத்தில் வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் மேலெழுந்ததே காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் கணினி மாதிரிகளை வைத்துச் சொன்னார்கள். சரி, படகுக்கு ஏன் தெரியாது? மேடு, பள்ளம் என்று நாம் உணர்வதே ஈர்ப்பை வைத்துத்தான். அந்தப் பரப்பு முழுவதும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. ரசமட்டம் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும்.

ஆனால் செல்போனுக்குத் தெரியும். ஜிபிஎஸ் உயரத்தை அந்தச் சீரான வடிவத்திலிருந்துதான் கணக்கிடுகிறது. சின்னமுட்டம் துறைமுகத்தில் நின்று ஜிபிஎஸ் செயலியைத் திறந்தால், திருத்தம் செய்யாத செயலிகள் உயரத்தை மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். போன் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

பூமியை 1 மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் செய்தால் நடுப்பகுதியின் விட்டம் துருவ விட்டத்தைவிட 3 மி.மீ. சொச்சம்தான் கூடும் (நிஜத்தில் 43 கி.மீ.). எவரெஸ்ட் சிகரம் 1 மி.மீ.கூட வராது. எங்கள் பள்ளமோ மி.மீ.யில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கைவைத்துத் தடவினாலும் அகப்படாது. உங்கள் படத்தில் அதைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள்.

பூமியின் வடிவத்தை அளந்து கணித்ததில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணிக்க அடிப்படையான நேர்கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, தெற்கு வடக்காக அட்சரேகை ஒரு பாகை மாறுவதற்கான நீளத்தை அளந்து பூமியின் வடிவத்தைக் கணிப்பது. துருவம் அமுங்கியிருப்பதால் அந்த நீளம் நிலநடுக்கோட்டருகே சுமார் 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7 கி.மீ. அந்த அளவையின் தென்கோடி, கன்னியாகுமரி அருகே ‘புன்னை’ என்று ஆவணங்களில் பதிவான அளவை நிலையம். அந்த அளவுகளையும் சேர்த்துத்தான், லாம்ப்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் பருமனைக் கணித்தார். நம் நாட்டு வரைபடங்கள் நெடுங்காலம் அந்தக் கணக்கில்தான் வந்தன. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடற்கரையில் ஒரு பலகையாவது சுற்றுலாத் துறை வைக்கலாம்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். அடுத்த முறை அந்தப் படத்தைப் போட்டால், மேடுபள்ளங்களை எத்தனை மடங்கு பெருக்கி வரைந்தது என்று அடியில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.