அத்தைக்கு, உங்கள் மூச்சை எண்ணியவன் எழுதுவது

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வீட்டில் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது நான் நாடி பார்க்கவில்லை. உங்கள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். யாராவது எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும்; அதனால்தான் சொல்லவில்லை. ஒரு முழு நிமிடத்துக்கு 24 வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும்.

ஊதச் சொல்லிச் சோதித்துவிட்டு டாக்டர் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எழுதிக்கொடுத்த பிறகும், "வயதானால் மூச்சு இளைக்கத்தான் செய்யும்" என்கிறீர்கள். இது வயதின் வேலை அல்ல, அத்தை. நாற்பது ஆண்டு விறகுப் புகையின் வேலை. பீடியைக் கையால் தொடாதவர்களுக்கும் அடுப்புப் புகையால் இந்த நோய் வரும். காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் இதில் பெரும்பாடு. விடும்போதே உள்ளிருக்கும் சிறு குழாய்கள் மூடிக்கொள்ள, பழைய காற்று தங்கிவிடுகிறது. அது வெளியேறாமல் புதுக் காற்றுக்கு இடம் ஏது? அதனால்தான் கழுத்துத் தசைகளும் சேர்ந்து இழுக்கின்றன. உங்கள் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

திண்ணையில் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்காருகிறீர்கள். யாராவது வந்தால் சட்டென்று நிமிர்ந்துகொள்கிறீர்கள். நிமிர வேண்டாம். கையை ஊன்றினால் தோள் தசைகளும் மூச்சுக்குத் துணை வரும். உங்கள் உடம்பு தானே கண்டுபிடித்த வழி அது.

இன்னொரு வழியும் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஊதாங்குழலில் வாய் வைக்கும்போது உதட்டைக் குவிப்பீர்களே, அதே போல் குவித்துக்கொள்ளுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, குவித்த உதட்டின் வழியாக நான்கு எண்ணும் வரை விடுங்கள். அடுப்பை ஊதுவது போல் வேகமாக அல்ல. விளக்குச் சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது, அவ்வளவு மெதுவாக. அப்படி விட்டால் உள்ளே லேசான அழுத்தம் நின்று, குழாய்கள் மூடாமல் திறந்திருக்கும். படி ஏறும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் செய்யுங்கள். மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) பழகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது போதைப் பழக்கம் அல்ல, மருந்து.

இவ்வளவு வற்புறுத்துவது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். கடைசி வருடத்தில் அப்பாவுக்கு ஒரு தலையணை இரண்டாயிற்று, பிறகு மூன்று. பஞ்சு அமுங்கிவிட்டது என்று நினைத்துப் புதுத் தலையணை வாங்கினேன். மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும் அளவுக்கு அவர் இதயம் தளர்ந்திருந்தது. நடுராத்திரியில் எழுந்து ஜன்னலோரம் உட்காருவார். புழுக்கம் என்பார். தை மாதத்தில் ஏது புழுக்கம்? கேட்கத் தோன்றவில்லை எனக்கு. உங்கள் தம்பியின் மூச்சு எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது, அத்தை.

வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் மூச்சுப் பயிற்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதியதைவிட நேரில் பார்த்துப் பழகுவது நல்லது.

இதைப் படித்துக் காட்டும் உங்கள் மருமகளுக்கு ஒரு வேலை: தினமும் காலையில், அத்தைக்குத் தெரியாமல், ஒரு நிமிடம் எண்ணிக் காலண்டரில் குறித்து வை, அம்மா. வழக்கத்தைவிடக் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டு. 30-ஐத் தாண்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சை முடிக்க முடியாமல் திணறினாலோ எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதே. முதலில் 108.

அடுத்த ஞாயிறு வருகிறேன். இந்த முறை மணிக்கட்டைப் பிடிக்க மாட்டேன், காலண்டரைத்தான் பார்ப்பேன்.

உங்கள் தம்பி மகன்