தோட்டாவின் மூக்கை அமுக்கும் கருவியை ஏன் வரவழைக்கவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த இரண்டு மாதங்களில் நேரில் வந்தும் போனிலும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பாயிண்ட் டூ டூ (.22 அங்குல) ரைஃபிள் தோட்டாவின் ஈயத் தலையை அச்சில் வைத்து அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு கைக்கருவி வெளிநாட்டில் விற்கிறது. சாதாரணத் தோட்டாவை அது மேட்ச் தோட்டா, அதாவது போட்டித் தரத் தோட்டா, ஆக்கிவிடுமாம். வரவழைத்துத் தர முடியுமா என்கிறீர்கள்.

வரவழைப்பதாக இல்லை. விற்றால் எங்களுக்கு நாலு காசு கிடைக்கும்தான். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே முகத்தோடு நீங்கள் கடைக்கு வருவீர்கள், நாங்களும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இந்தத் தோட்டாவைக் கொஞ்சம் பாருங்கள். பெரிய ரக சென்டர்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் ப்ரைமர் தனியாக, அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். குண்டை எடைபோட்டு, வெடிமருந்தை அளந்து, தாங்களே நிரப்பிக்கொள்ளும் வித்தை அங்கே உண்டு. நம் பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர் ரகம், இதில் அந்தக் கதை நடக்காது. தீப்பற்றும் ப்ரைமர் கலவை கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. தொழிற்சாலையில் கூட்டுக்குள் ஒரு துளி கலவையை வைத்துச் சுழற்றி, விளிம்பின் உள்மடிப்பு முழுக்கப் பரவும்படி செய்கிறார்கள். அது ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் பரவியிருந்தால், ஃபயரிங் பின், அதாவது விளிம்பை அடிக்கும் ஊசி, எங்கே அடிக்கிறதோ அதைப் பொறுத்து மருந்து பற்றும் விதம் மாறும், வேகமும் மாறும். வெளியே ஈயத்தை எவ்வளவு அழகாக அமுக்கினாலும் உள்ளே இருக்கும் இந்தக் கோளாறைத் தொடக்கூட முடியாது. உயிரோடு இருக்கும் தோட்டாவை அச்சில் வைத்துத் தட்டுவதும் அமுக்குவதும் எனக்குப் பிடிக்காத விளையாட்டு என்பது இன்னொரு காரணம். கலவை விளிம்பில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வேகம் கொஞ்சம் மாறினால் என்ன ஆகிவிடும் என்று ஒரு தம்பி கேட்டார். பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். மேட்ச் தோட்டா குழல்வாயில் வினாடிக்கு ஏறக்குறைய 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் குண்டு 12 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒரு தோட்டா வினாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் இன்னும் 7, 8 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். சரி, 8 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயமா?

50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டு 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் நடு டார்கெட்டின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். டெசிமல் கணக்கில் ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி குறைகிறது. நடுவில் விழுந்தால் 10.9, எட்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 10.0. அதாவது நீங்கள் ஆடாமல் அசையாமல் சுட்ட அருமையான ஒரு ஷாட்டை, அந்த மெதுவான தோட்டா ஒன்றே பத்தின் விளிம்புக்குத் தள்ளிவிடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ப்ரோனில், அதாவது படுத்துச் சுடும் போட்டியில், நம் ஜாய்தீப் கர்மாகர் 699.1 எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலம் 701.0-க்குப் போனது. அங்கே குற்றம் தோட்டாவினுடையது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

'அப்படியானால் வேகமான தோட்டாவையே வாங்கிவிடலாமே' என்று உடனே ஒரு யோசனை வரும். வேண்டாம். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். ஹை-வெலாசிட்டி தோட்டா அதைத் தாண்டிக் கிளம்பி, போகிற வழியிலேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தடுமாறும். காற்றிலும் அதுதான் அதிகம் விலகும், கேட்க விசித்திரமாக இருந்தாலும். மேட்ச் தோட்டா எல்லாமே ஒலிக்குக் கீழே நிற்பது சும்மா இல்லை.

சரி, கருவி வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது? லாட் பார்த்து வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஒரே பிராண்ட், ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் டப்பாவின் மேல் இருக்கும் லாட் எண் வேறு. ஒரே மெஷினில், ஒரே வரிசையில் தயாரானவை ஒரு லாட். அடுத்த லாட்டில் ஈயம், மருந்து, கலவை எது வேண்டுமானாலும் கொஞ்சம் மாறியிருக்கலாம். பழக்கமான கடையில் ஒரே மாவில் சுட்டாலும் இன்றைய தோசையும் நேற்றைய தோசையும் ஒன்றாக இருப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. எலி (Eley) என்ற பிராண்டின் டப்பாவில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் சராசரி வேகமும் வினாடிக்கு இத்தனை அடி என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து "வேகம் கூடினதா, குறைஞ்சதா எது நல்லது?" என்று கேட்காதீர்கள். உங்கள் பேரல்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் சுடும்போது பேரல் அதிர்கிறது. குண்டு வெளியேறும் அந்த நொடியில் குழல்வாய் மேலே எழுந்துகொண்டிருக்கலாம், கீழே வந்துகொண்டிருக்கலாம். எழுந்துகொண்டிருக்கும்போது வெளியேறினால், மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்பும். அது கூடுதலாக விழ வேண்டிய தூரத்தை இது ஈடுகட்டிவிடும். அதனால் ஒரு லாட் உங்கள் நண்பருடைய ரைஃபிளில் ஓட்டைக்கு மேல் ஓட்டை போடும், உங்களுடையதில் டார்கெட் முழுக்கத் தூவிவிடும். இரண்டு ரைஃபிளும் ஒரே மாடலாக இருந்தால்கூட.

உலகத் தரத்தில் சுடுபவர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். லாப்புவா என்ற இன்னொரு பிராண்டின் ரிம்ஃபயர் ஆலை ஜெர்மனியில் ஷோனெபெக் என்ற ஊரில் இருக்கிறது, எலியினுடையது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில். ரைஃபிளை கிளாம்பில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை. கிளப்புக்கு வரும் ஒதுக்கீட்டில் கிடைப்பதைத்தான் சுடுகிறோம். ஆனால் கிடைக்கும் இரண்டு மூன்று லாட்டில் எதைப் பயிற்சிக்கு வைப்பது, எதைப் போட்டிக்குப் பொத்திவைப்பது என்று முடிவு செய்ய நம்மாலும் முடியும்.

அதற்காகத்தான் கிளாம்ப் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். டெஸ்ட் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். குழலைச் சுத்தம் செய்து கிளாம்பில் பூட்டியதும் முதல் பத்து, பதினைந்து ரவுண்டை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டாவின் மேல் தடவியிருக்கும் மெழுகுப் பூச்சு குழல் முழுக்கப் படிய வேண்டும். விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும், அதுதான். பிராண்டை மாற்றினால் அந்தப் பூச்சும் வேறு. அதனால் மறுபடி ஒரு இருபது ரவுண்டாவது போன பிறகே கணக்குத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாக நான்கு குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம். ஐந்து ரவுண்டு குரூப் ஒன்றைக் காட்டி "பாருங்கண்ணா, எட்டு மில்லிமீட்டர்!" என்று பூரிக்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஐந்தில் அதிர்ஷ்டம் ஒளிந்துகொள்ளும், நாற்பதில் ஒளிய இடம் இருக்காது. நான்கு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கில் பிடித்துப் பார்ப்போம். வெர்னியரில் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து 5.6 கழிப்போம். நாற்பதின் நடுவும் 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கினால், அந்த லாட் தன் பங்குக்கு ஒரு பத்தையும் உங்களிடமிருந்து பறிக்காது. அதற்கு மேல் போனால் பயிற்சிக்கு.

விளிம்புத் தடிமனை கேஜ் வைத்து அளந்து பிரிப்பது, தராசில் எடைபோட்டுப் பிரிப்பது பற்றியும் கேட்கிறீர்கள். நானே ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறேன். மலிவான தோட்டாவில் அங்கங்கே தெறித்துப் போகும் ஃப்ளையர் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. நல்ல மேட்ச் தோட்டாவில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. எடைபோடுவதில் இன்னொரு சிக்கல், எடை எங்கே கூடியிருக்கிறது என்று தராசு சொல்லாது. ஈயத்திலா, பித்தளையிலா, மருந்திலா? பொழுதுபோக வேண்டும் என்றால் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் நீலிங்கில் (முழங்காலிட்டு) உட்கார்ந்து, தோட்டா இல்லாமல் ட்ரை ஃபயர் செய்தால் பலன் கூடுதல் என்பது என் அபிப்ராயம்.

இப்போது எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் ஒரு கல்லூரி மாணவி ரைஃபிளோடு வந்தார். குரூப் திடீரென்று மேலும் கீழுமாக நீளுகிறது என்றார். நான் டப்பாவைப் பார்த்துவிட்டு, லாட் சரியில்லை, மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கஷ்டப்பட்டு வேறு லாட் வாங்கி வந்தார், அதிலும் அதே கதை. பிறகுதான் புத்தி வந்து, சுட்ட கூடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். விளிம்பில் ஃபயரிங் பின் பதிந்த தழும்பு ஒன்றில் ஆழமாக இருக்கிறது, அடுத்ததில் லேசாகக் கீறினாற்போல் இருக்கிறது. ஸ்ப்ரிங் தளர்ந்துபோயிருந்தது. புது ஸ்ப்ரிங் போட்டதும் பழைய லாட்டே ஒழுங்காகச் சுட்டது. இரண்டாவது லாட்டுக்கு அவர் செலவழித்தது என் அவசரத்தால். இப்போதெல்லாம் யார் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டு வந்தாலும், சுட்ட கூடு பத்தைக் கொண்டுவரச் சொல்வதும், ரைஃபிளைக் கட்டையோடு பூட்டும் ஸ்டாக் ஸ்க்ரூ சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் முதல் வேலை.

தோட்டா உட்காரும் சேம்பருக்கு அடுத்து குழல் தொடங்கும் இடத்தில் கரியும் ஈயமும் சேர்ந்து வளையமாகப் படிவதையும் கவனியுங்கள். சும்மா துணி விட்டு இழுத்தால் அது போகாது. பின்பக்கத்திலிருந்து, கைடு போட்டு, அதற்கான ப்ரஷ் விட்டுத்தான் எடுக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து ராட் விடுபவர்கள் குழல்வாயைக் கெடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள், அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

அப்புறம் வெயில். நம் ஊரில் தோட்டாவுக்கு முதல் எதிரி காரின் டிக்கி. மே மாதத்தில் அதற்குள் அரை நாள் கிடந்த டப்பாவைத் திறந்தால் மெழுகு இளகி அடியில் வழிந்திருக்கும். அதைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். வீட்டில் அலமாரியின் அடித்தட்டில், பூட்டி, வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும். ரேஞ்சில் வரிசையாகச் சுட்டுச் சூடான சேம்பரில் ஒரு ரவுண்டை ஏற்றிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அந்த ரவுண்டு மற்றவற்றைவிடச் சூடாகி, உயரத்தில் போய் உட்காரும். காத்திருப்பதானால் ஏற்றாமல் காத்திருங்கள்.

ட்ரையல்ஸுக்கு (தேர்வுப் போட்டிக்கு) டிசம்பர், ஜனவரியில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. இங்கே 32 டிகிரியில் பார்த்துத் தேர்ந்தெடுத்த லாட், அங்கே காலை 9 டிகிரியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். குளிரில் மெழுகு இறுகும், வேகம் இறங்கும். டப்பாவை மேசைமேல் திறந்து பரப்பி வைக்காமல் பையில், துணிக்குள் வைத்திருங்கள். கணக்கில் சேராமல் குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டர் ரவுண்டுகளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

லாட் டெஸ்ட் இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கிளப் ரேஞ்சில். நாங்கள் தோட்டா விற்பதில்லை, உங்கள் கணக்கில் உள்ளதையே கொண்டுவாருங்கள். லைசென்ஸும் கிளப் அட்டையும் கையில் இருக்க வேண்டும், ரைஃபிளின் சொந்தக்காரரும் கூடவே இருக்க வேண்டும். ஒரு லாட்டுக்கு 60 ரவுண்டு எடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு ரைஃபிளுக்கு மேல் முடியாது, அதனால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ரவுண்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டிக்கொண்டு, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். லாட் எண் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

அன்புடன்,
கடையிலிருந்து
கோயம்புத்தூர்